பக்கத்து ஆள் இருக்கா?

என் வயிற்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் வேன் அங்கிளைப் பற்றிச் சொல்ல முடியாது. மலைநாட்டில் பிறந்து, வளைவும் நெளிவுமான பாதைகளிலேயே வளர்ந்து, இன்றைக்கும் கடுகண்ணாவை இறக்கத்தில் வண்டி முதல் வளைவு திரும்பும்போதே மடியில் சொப்பிங் பேக்கை விரித்துப் பிடிக்கிற ஆள் நான். எங்கள் சந்தில் யார் ட்ரிப் போனாலும் சோத்துப் பார்சல், தண்ணிப் போத்தல், பந்து என்று ஆளுக்கொரு பொறுப்பு இருக்கும். எனக்குரிய பொறுப்பு, அடுத்தவர் மேல் படாமல் வாந்தி எடுப்பது. அதை நான் ஓரளவு திறமையாகவே செய்து வந்தேன்.

அதனால் வேன் அங்கிள் எனக்கு எப்போதும் ஒரே சீட்தான் கொடுப்பார். இரண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம். எனக்கு அடுத்தது அவருடைய மகன் ஜூட். என் பக்கத்தில் உட்கார வேறு யாரும் முன்வராததும் அதற்கு ஒரு காரணம்.

வேன் அங்கிளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை. கெலிஓயாவிலிருந்து கண்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். சின்ன வயதில் நான் அந்த வேனில் போனேன், பிறகு என் மகள் போனாள். வேன்தான் இடையில் மாறியது. கோயில் பங்குச் சாமியாரே, இவரைவிட மூத்தவர், "என்ன வேன் அங்கிள், சௌக்கியமா" என்றுதான் கேட்பார்.

கிழமை நாளில் பிள்ளைகள். லீவு நாளில் நாங்கள், பிள்ளைகளைப் பெற்ற பெரிய பிள்ளைகள். காலை இருட்டோடு ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புக் கடலைக் காட்டி, இரவுக்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார். இதில் கடலைக் காட்டுவது அவருக்குச் சின்ன விஷயம். கொண்டுவந்து விடுவதுதான் பெரிய விஷயம். "கூட்டிட்டுப் போறது யாராலயும் முடியும். கூட்டிட்டு வரணும்" என்பார். அவர் நீளமாகப் பேசியது என்றால் அவ்வளவுதான்.

ஆளை அவர் எண்ண மாட்டார். எண்ணினால் ஒன்று கூடும், ஒன்று குறையும் என்பது அவர் அனுபவம். அதற்குப் பதிலாக ஒரு முறை வைத்திருந்தார். எல்லாரும் ஏறியதும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்பார்:

"பக்கத்து ஆள் இருக்கா?"

நமக்காக நாம் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவருக்காக நாம் சொல்ல வேண்டும், நமக்காக அவர் சொல்ல வேண்டும். இருக்கு, இருக்கு, இருக்கு என்று வேன் முழுக்க ஒரு சுற்று வந்தால்தான் சாவியைத் திருப்புவார். ஒருவர் இல்லை என்றாலும் வண்டி நகராது.

இதை நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு. பக்கத்துப் பையனை சீட்டுக்கு அடியில் ஒளியச் சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "இல்ல அங்கிள்" என்றேன். இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குள் போனார். வகுப்பு வகுப்பாகப் பார்த்தார், கக்கூசில் பார்த்தார், வாச்சரைக் கேட்டார், ரோட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் ஓடினார். ஒளிந்திருந்தவனுக்கே அலுத்துப்போய் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். அங்கிள் திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்லன்னு ஒருத்தன் சொன்னா வண்டி நகராது. அத நெனச்சுக்கிட்டுச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

ஒரு வேனையே நிறுத்தக்கூடிய சொல் என் வாயில் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. இன்று பேராதனையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். என் சொல்லுக்கு அங்கே ஒரு மின்விசிறிகூட நிற்பதில்லை.

ட்ரிப்பில் அவர் புருசன் பெண்சாதியைச் சேர்த்து உட்கார வைக்க மாட்டார். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள் முணுமுணுப்பார்கள். அதற்கும் அவரிடம் அனுபவம் இருந்தது. ஒரு தடவை ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, அவரும் அவருடைய மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வரக்காப்பொலையில் தேத்தண்ணிக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது கேட்டதற்கு நானா கண்ணைத் திறக்காமலே "இருக்கு, இருக்கு" என்றார். வேன் நகர்ந்தது. பின்னால் ஒரு பெண்மணி இரண்டு கையிலும் எள்ளுருண்டைப் பையோடு ஓடி வருவதை என் மகள்தான் பார்த்துச் சொன்னாள். நானாவின் மனைவி ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, புருசனைப் பார்த்துச் சொன்னது, "நா இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான் இவருக்கு" என்று.

அதிலிருந்துதான் புது ஒழுங்கு. கட்டினவன் கண் கட்டினவள் மேல் இருக்காது என்று அங்கிள் முடிவு செய்துவிட்டார். என் மனைவியை அவருடைய மனைவி, அதாவது ஆன்டி, பக்கத்தில் வைத்தார். என் மகளை நானாவின் மனைவி பக்கத்தில். என்னை ஜூட் பக்கத்தில்.

நீர்கொழும்பில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் கோட்டை. ஒல்லாந்தர் கட்டியது. வாசலை மட்டும்தான் பார்க்கலாம், ஏனென்றால் உள்ளே இப்போது சிறைச்சாலை. பிள்ளைகளுக்கு நல்ல இடம். பொய் சொன்னால் எங்கே போவோம் என்று நேரிலேயே காட்டலாம். அடுத்தது மாதா கோயில். கூரை முழுக்கச் சித்திரம், அண்ணாந்து பார்த்துப் பார்த்துப் பிடரி பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு களப்பில், அதாவது கடலோரக் காயலில், படகு. கண்டல் மரங்களுக்கு நடுவே கூட்டிப்போய் குரங்கு காட்டுவார்கள். முதலை என்று ஒரு மரக்கட்டையையும் காட்டுவார்கள். அப்புறம் கருவாடு காயப்போட்டிருக்கும் கரை. பாய் பாயாக விரித்து வெயிலில் வெள்ளி மாதிரிக் கிடக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அழகு. கடைசியில் கடல்.

கடல் எனக்குக் கணுக்கால் அளவுதான். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கணுக்கால் நனையும் இடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய நீச்சல்காரன் கொஞ்சம் யோசிக்கிறான் என்று தோன்றும். என் மகள் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அங்கிள் கடலுக்குள் இறங்கவே மாட்டார். தோளில் துவாயோடு மணலில் நிற்பார், ஆனால் கடலைப் பார்க்க மாட்டார். அவருடைய கண் எங்கள் தலைகள் மேல்தான். அலையில் ஒரு தலை முங்கினால் அது மேலே வரும்வரை அவர் மூச்சு விடமாட்டார் என்று ஆன்டி சொல்வார். வெயில் சாயத் தொடங்கியதும், "ஏறுங்க, கடுகண்ணாவையில மழை இருக்கும்" என்பார். மழை இல்லாத மாதத்திலும் அதையேதான் சொல்வார். அவருடைய கணக்கில் கடுகண்ணாவையில் எப்போதும் மழை.

எங்களைக் கரை ஏற்றிய பிறகும் வேலை முடியாது. வீட்டு வாசலில் நிறுத்தி, கதவை அவரே திறந்து, பிள்ளையின் கையைப் பிடித்துத் தாயின் கையிலோ தகப்பன் கையிலோ கொடுப்பார். கைக்குக் கை. வாசலில் ஆள் இல்லையென்றால் பிள்ளை இறங்காது. நான் சின்னவனாக இருந்தபோது எங்கம்மா ஒருநாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போய்த் தாமதமாகிவிட, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டும் கொடுக்காமல், என்னை வேனிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கொடுத்த, மீன் வைத்த மாலுபாணைத் தின்றுவிட்டு அவருடைய சீட்டிலேயே தூங்கிப் போனேன்.

இந்த மனிதர்தான் ஒரே ஒரு தடவை ஒரு ஆளை விட்டுவிட்டு வந்தார். அவருடைய மகனை.

ஜூட் கண்டியில் ஒரு ஹோட்டலில் வெயிட்டராக இருந்தான். வெள்ளைக்காரர்கள் வருவது நின்றதும் ஹோட்டலும் நின்றது. அதன் பிறகு டீசல் இல்லாத காலம். வேன் வரிசையில் நிற்க, ஜூட் வேனுக்குள்ளேயே படுத்துக் கிடப்பான். பள்ளிக்கூடமும் இல்லை, ட்ரிப்பும் இல்லை. முறைப்படி வெளிநாடு போக இரண்டு இடத்தில் முயன்று பார்த்தான், இரண்டும் சரிவரவில்லை. நிலைமை கொஞ்சம் சீரான பிறகும் அவன் சீராகவில்லை. நல்ல பையன். என் பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள். அவனும் மரியாதைக்குச் சிரித்தானோ என்னவோ.

அந்த ட்ரிப்புக்கு அங்கிள் தானாக வந்து கூப்பிட்டார். வழக்கமாக நாங்கள்தான் கெஞ்சுவோம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். பந்து, வாளி எல்லாம் எடுத்து வரச் சொன்னார். காற்றடித்த மஞ்சள் வாத்து ஒன்றை வேனின் பின் கண்ணாடியில் அவரே சாய்த்து வைத்தார். அங்கிளுக்கு வயதாக வயதாகக் குஷி வருகிறது என்று நான் மனைவியிடம் சொன்னேன். மனிதர்களைப் பற்றி நான் கணித்துச் சொன்னவற்றை யாராவது தொகுத்தால் நல்ல நகைச்சுவைப் புத்தகம் வரும்.

கடுகண்ணாவை இறக்கத்தில் நான் பேக்கை விரித்ததும் ஜூட் கேட்டான், "அண்ணே, வாந்தி வராம இருக்க என்ன செய்யணும்?"

என்னிடம் ஒருவர் ஆலோசனை கேட்பது அபூர்வம். அதுவும் நான் கரை கண்ட துறையில். மாவனல்லை வரை விளக்கினேன். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. எண்ணெய்ப் பண்டம் தொடக்கூடாது. தூரத்தில் ஆடாமல் இருக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, கீறி மணக்க வேண்டும்.

"தூரத்துல ஒண்ணுமே இல்லாட்டி?" என்றான்.

"ஒண்ணும் இல்லாம எப்படிடா? ஒரு மலையாச்சும் இருக்கும்தானே" என்றேன். சிரித்தான். என் சட்டைப்பையில் இருந்த தேசிக்காயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நான் அன்றைக்குத் தேசிக்காய் இல்லாமல் மிகவும் கஷ்டப்பட்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டை பார்த்தோம். கோயிலில் அங்கிள் முழங்காலில் நின்றார், எழும்பவே நேரமாயிற்று. வழியில் பொலிஸ் ஒரு தடவை மறித்து உள்ளே எட்டிப் பார்த்து, பிள்ளைகளையும் வாத்தையும் கண்டு போகச் சொன்னார்கள். களப்பில் மரக்கட்டை முதலையைப் பார்த்தோம். தென்னை மரத்தடியில் என் மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். ஜூட் முட்டையைத் தொடவில்லை. என் உபதேசம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஆன்டி அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் நான் கணுக்காலோடு நின்றுகொண்டிருந்தபோது, ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து தூரத்தில் நின்றான். ஜூட் தோளில் ஒரு ஸ்கூல் பேக்கோடு அவன் பின்னால் ஏறிப் போனான். போகும்போது என் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனான். கூட்டாளி யாரோ என்று நினைத்தேன்.

வெயில் சாய்ந்தது. "ஏறுங்க" என்றார் அங்கிள். மழையைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லாரும் மணலை உதறிக்கொண்டு ஏறினோம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்கத் தொடங்கினார். நானாவின் மனைவி என் மகளுக்கு இருக்கு என்றார். என் மகள் அவருக்கு இருக்கு என்றாள். ஆன்டி என் மனைவிக்குச் சொன்னார். என் முறை வந்தது.

"பக்கத்து ஆள் இருக்கா?"

"இல்ல அங்கிள். ஜூட்டக் காணோம்."

கண்ணாடியில் அவருடைய கண் மட்டும் தெரிந்தது. ஆன்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் கூட்டாளி வீட்டுல நிக்கிறான். பொறகு வருவான்" என்றார். சாவியைத் திருப்பினார். வண்டி நகர்ந்தது.

நான் அந்த நேரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப திரும்பிப் போகையில எனக்கு ரெண்டு சீட்டு" என்றேன். சொல்லிவிட்டுக் காலையும் நீட்டிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பழக்கமானதுதான் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

கேகாலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார். திரும்ப ஏறியதும் அவர் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பிக் கிளம்பிவிட்டார். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அது நடந்ததில்லை. அப்போதுதான் என் நீட்டிய கால் தானாக மடங்கியது.

கடுகண்ணாவையில் மழை பெய்தது.

எங்கள் வாசலில் நிறுத்தி இறங்கி வந்து கதவைத் திறந்தார். மகள் என் மடியில்தான் இருந்தாள். ஆனாலும் அவளுடைய கையை எடுத்து என் கையில் வைத்தார். வைத்துவிட்டு உடனே விடவில்லை. எங்கள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையில் நின்றார்.

விஷயம் ஆன்டி மூலமாக என் மனைவிக்கு வந்தது. மீன்பிடிப் படகொன்றில் ஆட்களை ஏற்றி, கடல் கடந்து எங்கோ ஒரு தீவில் இறக்கிவிடுவார்களாம். அங்கே போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாமாம். ஜூட் முடிவு செய்துவிட்டான். அங்கிள் மாதக்கணக்கில் மறுத்திருக்கிறார். "ரோட்டுல போறதுன்னா நா ஓட்டுவேன். கடல்ல யாரு ஓட்டுறது?" என்று ஒரே கேள்வி. கடைசியில், நீங்கள் விடாவிட்டால் சொல்லாமல் போவேன் என்று மகன் சொன்ன பிறகுதான் இறங்கி வந்திருக்கிறார். அதற்கும் ஒரு நிபந்தனை. கண்டவன் வண்டியில் போகக்கூடாது, கரை வரைக்கும் நானே கொண்டுபோய் விடுவேன். குடும்பம் குட்டியோடு வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று ஏற்றுகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் குட்டி நாங்கள். வாத்தும் நாங்களும்.

என் மனைவிக்குக் கோபம் தாங்கவில்லை. "நம்ம பிள்ளைய பொம்மை மாதிரி ஜன்னல்ல உக்கார வச்சிருக்காரு" என்றாள். நியாயமான கோபம். என்னையும் கோபப்படச் சொன்னாள். நான் முயன்று பார்த்தேன். குடும்பத் தலைவன் என்று யாரும் இதுவரை என்னை நம்பியதில்லை. பொலிஸ் நம்பும்படி அங்கிள் உட்கார வைத்திருக்கிறார் என்று சொன்னேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடைக்கத் தாமதமானது.

போய்ச் சேர்ந்ததும் பேசுவதாக ஜூட் சொல்லியிருந்தான். பேசவில்லை.

ஒரு படகை நடுக்கடலில் மறித்துத் திருப்பிக்கொண்டு வந்ததாக டிவியில் சொன்னார்கள். அங்கிள் ஓடினார். அதில் அவன் இல்லை. அவன் போன படகு வேறு. அந்தப் படகைப் பற்றிக் கேட்டால், கரை சேர்ந்துவிட்டது என்றான் ஒருவன். முகாமில் வைத்திருக்கிறார்கள், போன் கொடுக்க மாட்டார்கள் என்றான் இன்னொருவன். அப்படியொரு படகே போகவில்லை என்றான் மூன்றாமவன். ஏற்றினவனின் போன் அதற்குள் செத்துப்போயிருந்தது.

சில மாதம் கழித்து ஒரு மாலை, அங்கிள் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். என் மனைவி வெளியே போனாள். இன்றைக்குத் தீர்ந்தது என்று நான் கதவுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டேன்.

"மகளுக்குக் கடல் புடிக்கும்தானே" என்றார் அங்கிள். "ஞாயித்துக்கிழம போறோம்."

என் மனைவி அவரையே பார்த்தாள். கேட்க வேண்டியதை எல்லாம் அவள் பல நாளாகக் குளிக்கும்போது சத்தமாக ஒத்திகை பார்த்திருந்தாள், எனக்கே மனப்பாடம்.

"சாப்பாடு நா கட்டுறேன் அங்கிள்" என்றாள்.

அதன் பிறகு அடிக்கடி போனோம். அதே ஊர், அதே கோட்டை, அதே களப்பு. திருகோணமலை போகலாமே, காலி போகலாமே என்று முதலில் சிலர் கேட்டார்கள். "இந்தக் கோட்டையப் பாத்துப் பாத்து எனக்கே உள்ள போய் இருந்துரலாம் போல இருக்கு தம்பி" என்று நானா என் காதில் சொன்னார். அவருடைய மனைவி விலாவில் இடித்ததும் பேச்சை விட்டுவிட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை. எதற்காகப் போகிறோம் என்று பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். பிள்ளைகளுக்கு அது கடல் ட்ரிப், அவ்வளவுதான். வாளியும் பந்தும் அந்த வாத்தும்.

நாங்கள் வேடிக்கை பார்க்கிற ஒவ்வோர் இடத்திலும் அவர் ஒரு ஆளைப் பிடித்துக் கேட்பார். கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிறவளிடம். களப்பில் படகுக்காரனிடம். கருவாடு புரட்டுகிற பெண்களிடம். போனில் ஜூட்டின் படத்தைக் காட்டுவார். முதலில் அவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அடுத்தடுத்த தடவைகளில் பார்க்காமலே தலையாட்டினார்கள். கடைசியில், எங்கள் வேன் திரும்பும்போதே, அந்தப் பெண்கள் குனிந்து கருவாட்டைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. இல்லை என்று எத்தனை தடவை ஒரு மனிதனிடம் சொல்வது?

மணலில் இப்போது அவர் எங்கள் தலைகளைத் தாண்டிக் கடலையே பார்த்து நின்றார். பிள்ளைகளை நாங்களே பார்த்துக்கொண்டோம். என் கணுக்கால் கடலையும் விட்டுவிட்டு, கரையில் நின்று தலைகளைப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வரவில்லை. ஒரு தலையைப் பார்த்தால் மற்றது தவறியது. அந்த மனிதர் இத்தனை வருடம் எப்படிப் பார்த்தார் என்று கண் எரியும்போதுதான் விளங்கியது.

வேனில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. கேள்வி மறுபடி வந்துவிட்டது, ஆனால் என்னிடம் வராது. எல்லாரிடமும் கேட்பார், என் வரிசை வந்ததும் அவருடைய கண் என்னைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போய்விடும். எனக்காக இருக்கு என்று சொல்லவும் ஆள் இல்லை, ஏனென்றால் அது ஜூட்டின் வேலை. நான் கடலோடு போயிருந்தாலும் வேன் கிளம்பியிருக்கும். இதை மனைவியிடம் பகிடியாகச் சொன்னேன். அடுத்த ட்ரிப்பிலிருந்து அவள் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்துக்கொள்வாள்.

ஆன்டிக்கு ஒரே ஆசை இருந்தது. மகனுக்கு ஒரு ஆத்தும பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். எங்கே கிடக்கிறானோ, அவன் ஆத்துமாவாவது இளைப்பாறட்டும் என்று. அங்கிள் சம்மதிக்கவே இல்லை. பூசை வைத்தால் அவன் இல்லை என்று ஆகிவிடும். "அத எப்படி என் வாயால சொல்லுறது?" என்று கேட்டாராம். ஆன்டி அழுதார். அவர் வேனைக் கழுவினார். இப்படி இரண்டு வருடம்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒருநாள், அங்கிள் சந்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம், கொஞ்சம் நேரத்தோடு, பூசைக்குப் போய்ச் சேர வேண்டும். எங்களிடம் சொல்லும்போது குரல் சாதாரணமாகவே இருந்தது. எங்கள் கேட்டில் பிடித்திருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

கூரையில் சித்திரம் உள்ள அந்தக் கோயிலில், இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது ஜூட்டின் பெயரும் வந்தது. ஆன்டி என் மனைவியின் தோளில் சாய்ந்துவிட்டார். நானாவும் அவருடைய மனைவியும் வெளியே மரத்தடியில் எல்லாருடைய பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் சைவ சமயக்காரன். எப்போது எழும்ப வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல், எல்லாரும் முழங்காலில் நின்றபோது நான் மட்டும் நெட்டையாக நின்றேன். அப்படி நின்றதால்தான் பின்னால் தெரிந்தது. அங்கிள் உள்ளே இல்லை. வாசலுக்கு வெளியே, வேனின் முன் கண்ணாடியைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

அன்றைக்கு அவர் யாரிடமும் படத்தைக் காட்டவில்லை. கருவாட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடந்துபோனார். பிள்ளைகள் களப்பில் படகு போனார்கள், கடலில் குளித்தார்கள், மணலில் ஒருவரையொருவர் புதைத்து விளையாடினார்கள். வெயில் சாய்ந்தது.

ஏறினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்கத் தொடங்கினார். நானா இருக்கு என்றார். அவருடைய மனைவி இருக்கு என்றார். என் மகள், இப்போது வளர்ந்துவிட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கு என்றாள். ஆன்டியிடம் கேட்டார். என் மனைவிக்காக ஆன்டி இருக்கு என்றார். என் வரிசை வந்தது. அவருடைய கண் தாண்டிப் போகும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்.

போகவில்லை. கண்ணாடியில் என் மேலேயே நின்றது.

"பக்கத்து ஆள் இருக்கா?"

வாழ்நாளெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திரிந்தவன் நான். இருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி நகரும், வீட்டுக்குப் போகலாம். ஆன்டி முன் சீட்டிலிருந்து திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் வாத்து இருந்தது, காற்றிறங்கி மடிந்துபோய்.

"இல்ல அங்கிள்" என்றேன்.

அவர் மெல்லத் தலையசைத்தார். திருப்பப் போன சாவியை வெளியே எடுத்து, முன் கண்ணாடியடியில் இருந்த சின்ன மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார். இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்குப் பின்னால் வந்த வேன்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள். யாருக்காக நிற்கிறோம் என்று என் மகள் மெதுவாகக் கேட்டாள். நானாவின் மனைவி அவளிடம் ஒரு எள்ளுருண்டையைக் கொடுத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அடுத்த மாதமே அங்கிள் வேனை விற்றுவிட்டு, ஆன்டியின் தங்கை வீட்டுப் பக்கம் போய்விட்டார். அது பிறகு. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சூரியன் கடலில் இறங்கிப் போனது. கடுகண்ணாவையில் மழை இருக்கும் என்று யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.